நாவல்பழம் என்றான்

ஒயின் பாட்டிலின் கார்க்கை உருவி எடுத்ததும் இருதயராஜ் அதை மூக்கருகே கொண்டுபோனான். கொண்டுபோன விதத்தில் ஒரு குறையும் இல்லை. மணிக்கட்டு அளவாகத் திரும்பியது, இமை பாதி இறங்கியது, புருவங்களுக்கு நடுவில் அந்தச் சின்னச் சுருக்கம் எப்போதும் விழுகிற இடத்தில் விழுந்தது. காற்று உள்ளே போயிற்று, காற்று வெளியே வந்தது. அவ்வளவுதான். ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் இறங்கிப் போனபோது கூடவே வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது மாசி, இன்னும் திரும்பி வரவில்லை. எதிரே மதாம் ரெஜினா அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுச்சேரியில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி, மஞ்சள் சுவர் வைத்த பழைய வீடொன்றில் அவர் நடத்துகிற உணவகத்துக்கு அன்று விடுமுறை. நாற்காலிகளெல்லாம் மேசைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தன. ஒரே ஒரு மேசைக்கு மட்டும் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஈஸ்டர் விருந்துக்கு எந்தக் கறி என்று இன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும். ஒயினை மதாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்: ஸ்பெயினில் தோரோ என்ற பகுதியின் சிவப்பு ஒயின், தோரோ என்றால் அவர்கள் பாஷையில் காளையாம், பெயருக்கேற்ற முரட்டுச் சரக்கு. அதோடு எது ஒத்துப்போகும் என்று சொல்வதற்குத்தான் இருதயராஜுக்குச் சம்பளம். ஒயினை மோந்து, ருசித்து, இன்னதற்கு இன்னது என்று ஜோடி சேர்க்கிறவன் அவன். லியோன் நகரத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த மதாமே தன் மூக்கை நம்பாமல் அவன் மூக்கை நம்பினார். காரைக்காலிலிருந்து மூட்டை தூக்க வந்தவனுக்குக் கடவுள் கொடுத்த மூக்கு என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர்.

கிளாஸில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றினான். கண் இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தரிக்காய்த் தோலின் நிறம், அதைவிடவும் கறுப்பு, ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய சிவப்பு வளையம். கண்ணாடியின் உட்பக்கத்தில் தடித்த கோடுகளாக வழிந்து இறங்கியது. சாராயச் சத்து அதிகம், வெயிலில் நன்றாகக் காய்ந்த பழம், இதையெல்லாம் மூக்கில்லாமலேயே சொல்லலாம், லேபிளைப் பார்த்தும் சொல்லலாம். மற்றது ஞாபகத்திலிருந்து வர வேண்டும். போன வருஷம் பெங்களூரில் ஒரு வியாபாரி இதே ஒயினை ஊற்றிக் கொடுத்தபோது அவன் என்ன சொன்னான்? நாவல்பழம் என்றான். நாவல்பழம், புகையிலை, புதுச் செருப்புக்கடையின் தோல், கடைசியில் லேசாகக் கருப்பட்டி. அந்த வியாபாரிகூட அசந்துபோனான். அன்றைக்கு அந்த மணங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது நினைவிருக்கிறது, வந்தவை எப்படி இருந்தன என்பது நினைவில்லை. ஆள் வந்துபோனது தெரிகிறது, முகம் தெரியவில்லை. "நாவல்பழம்" என்றான் மதாமிடம். குரலும் சரியாகத்தான் இருந்தது. "நாவல்பழம். பின்னால கொஞ்சம் புகையிலை. தோல் வாசனையும் இருக்கு மதாம்." மதாம் தன் கிளாஸை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "ஆமாம், நாவல்பழம்தான், நல்லா வருது" என்றார். வரும். சொன்னால் வரும். இந்தத் தொழிலில் மனுஷனுக்கு முதல் மூக்கு காதுதான் என்று அவன் எப்போதோ கண்டுகொண்டிருந்தான். இந்தச் சில மாதங்களாக அதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. பாட்டிலைத் திறப்பான், விருந்தாளிக்கு ஊற்றுவான், தான் மோந்துபார்க்கிற பாவனையில் விருந்தாளியின் முகத்தை மோந்துபார்ப்பான். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கிளாஸை மூக்கிலிருந்து சட்டென்று விலக்கியபோது, அவர் வாயைத் திறப்பதற்குள் "மன்னிக்கணும் முசே, கெட்டுப்போயிருக்கு, வேற கொண்டுவர்றேன்" என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். அவனைப் போல ஆள் கிடையாது என்று கிழவர் மதாமிடம் பாராட்டிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எப்படியும் அவனுக்கு ஒன்றுதான். சூடாகவோ ஆறியோ, உப்பாகவோ புளிப்பாகவோ இருக்கும், சோறாக இருக்காது.

வார்த்தைகள் மட்டும் மிச்சம். வாசனை, மணம், வாடை, வீச்சம், கவிச்சி, மொச்சை, நெடி, எத்தனை இருக்கின்றன, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கிறான், எல்லாம் காலிப் புட்டி. கமறல் மட்டும் தெரிகிறது. மிளகாய் தாளித்தால் மூக்கில் ஏறுகிறது, வெங்காயத்துக்குக் கண் எரிகிறது. முதல் தடவை கமறியபோது திரும்பிவிட்டது என்று குதித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். அவர் வேறு யாருக்கோ மருந்து எழுதிக்கொண்டே, "அது வாசனை இல்லீங்க, அது ஒருவகை வலி, அதுக்கு நரம்பு வேற" என்றார். திரும்ப வருமா என்று கேட்டதற்கு, வரலாம் என்றார். வராமலும் இருக்கலாம் என்பதை முகத்தில் மட்டும் சொன்னார். காலையில் எழுந்ததும் கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம், ரோஜா, நாலையும் வரிசையாக மோந்து பார்க்கச் சொல்லியிருந்தார். இருதயராஜ் மோந்து பார்க்கிறான். தைலம் மட்டும் சில்லென்று ஏறுகிறது, அதுவும் வேறு நரம்பாக இருக்கும். பக்கத்துப் பாயில் குழந்தை தூங்கும். மார்கழியில் பிறந்த பெண் குழந்தை. ஞானஸ்நானத்தன்று கோயிலில் சாம்பிராணிப் புகை சுருண்டு சுருண்டு பீடத்துக்கு மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான், கண்ணில் நீர் வந்தது, எல்லோரும் அப்பன் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் வீட்டில் பெண்களெல்லாம் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி உச்சந்தலையை மோந்து பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் கண்ணை மூடினாள். கொழுந்தியாள் அவனிடம் நீட்டி, "மாமா, இங்க பாருங்க, என்ன ஒரு வாசனை, கடிச்சுத் தின்னலாம் போல இருக்கு" என்றாள். அவன் குனிந்தான். மூக்கு நுனியில் குழந்தையின் மயிர் குறுகுறுத்தது, தலையின் சூடு உதட்டில் பட்டது. கண்ணை மூடி, எத்தனை விநாடி மூட வேண்டுமோ அத்தனை மூடி, "ம்ம்ம்" என்றான். நிமிர்ந்தபோது மனைவி பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மதாமிடம் சொல்லிவிடுங்கள் என்று தினமும் சொல்கிறவள் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையிடமே தொழிலைக் காட்டிவிட்டோமே என்று அப்போது தோன்றியது. அதைக்கூட யாருக்கோ நடந்ததைப் போலத்தான் நினைக்க முடிகிறது. துக்கத்துக்கும் ஒரு வாசனை இருந்திருக்கும் போலிருக்கிறது, அது இல்லாததால் துக்கம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்கிறது.

பயம் மட்டும் இந்தப்பக்கம் நிற்கிறது. போன வாரம் பிலோமினா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். அவன் கூடத்தில், அடுக்களைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான், தொட்டிலில் குழந்தை. பால் பொங்கி, வற்றி, கருகி, பாத்திரம் பிடித்து, புகை கூடத்துக்கு வந்தும் அவன் படித்துக்கொண்டிருந்தான். பிலோமினா மாடிப்படியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, மூச்சு வாங்க, அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். வீட்டில் ஒரு குருடனையோ செவிடனையோ பார்க்கிற மாதிரி, இனிமேல் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மாதிரிப் பார்த்தாள். கேஸ் கசிந்தால்? அந்த நினைப்பு அங்கேயே மாட்டிக்கொண்டது, வேட்டி நுனி ஆணியில் மாட்டியதைப் போல. இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. கேஸ் கசிந்தால். வேலை போனால் என்பதைவிட அது பெரிது, ஆனாலும் இரண்டும் மாறி மாறி வந்து ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொள்கின்றன. "ராஜ் அண்ணே, தள்ளிக்கோங்க, சூடு" என்று குரல் கேட்டது. சமையற்கூடத்துக்குத் தலைமையான அமலோற்பவம் மூன்று தட்டுகளை மேசையில் வைத்தாள். கப்பல் சமையலறையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள், கை பெரிது, பேச்சு குறைவு. ஒன்றில் மிளகாயில் பிரட்டிய இறால். இன்னொன்றில் பன்றி விந்தாலி, காடியும் பூண்டுமாக வேகவைத்துச் சுருட்டியது. மதாமுக்கு மனசெல்லாம் அதில்தான், புதுச்சேரியின் கறி புதுச்சேரியின் விருந்தில் இருக்க வேண்டும் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாவதில் சோம்பும் பூண்டும் உப்பும் தடவி அடுப்பில் சுட்ட ஆட்டு விலா. "நீயும் உக்காரு அமலி, குடிச்சுப் பாரு" என்றார் மதாம். அமலி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கிளாஸை எடுத்தாள். மோந்தாள். மறுபடி மோந்தாள். குடிக்காமல் கீழே வைத்தாள். "தப்பா நினைக்காதீங்க அண்ணே" என்றாள், "ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை வருதே. மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி."

ஈரச் சாக்கு. கார்க் கெட்டு ஒயினையும் கெடுத்துவிட்டால் வருகிற வாடை அதுதான், வேறெதுவும் அல்ல. அந்த வாடை வந்துவிட்டால் பழத்தின் மணம் செத்துப்போகும், நாவல்பழம் இருக்காது, புகையிலை இருக்காது, ஒன்றுமே இருக்காது. அப்படி இருந்தால் அவன் சற்றுமுன் ஒரு பிணத்துக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அப்படி இல்லாமலும் இருக்கலாம். அமலிக்கு இந்த ரகம் பழக்கமில்லாமல் இருக்கலாம். தோல் வாசனையைச் சாக்கு என்கிறாளோ, ஸ்பெயின்காரர்கள் வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் போட்டு வைக்கிறார்கள், மரத்துக்கும் ஒரு வாடை உண்டு. "எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றார் மதாம், அவனைப் பார்த்தார். அமலியும் பார்த்தாள். இரண்டு பேரும் அவன் சொல்லப்போவதற்குக் காத்திருந்தார்கள், சொன்னால் அது உண்மையாகிவிடும். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லலாம், மதாம் தலையாட்டிவிடுவார், அமலி தோளைக் குலுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள், போகிற வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். கெட்டுவிட்டது என்று சொல்லலாம், அப்போது நாவல்பழம்? அவன் கிளாஸை எடுத்தான், இன்னொரு தடவை காற்றை இழுத்தான். இழுக்கும்போதே ஏதாவது வந்துவிடும் என்று ஓர் எண்ணம், தினமும் கிராம்பை எடுக்கும்போது வருகிற அதே எண்ணம், கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள், இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்பது போல. ஒரு மிடறு குடித்தான். சூடு தொண்டையில் இறங்கியது, நாக்கு உலர்ந்தது, ஈறு இறுகியது, பச்சை வாழைக்காயைக் கடித்த துவர்ப்பு. ஈரச் சாக்குக்குத் துவர்ப்பு கிடையாது. நாவல்பழத்துக்கு உண்டு. ஆனால் கெட்டுப்போன ஒயினிலும் துவர்ப்பு மிஞ்சும், அது சாட்சியாகாது. "இன்னொரு பாட்டிலைத் திறந்து பாத்துருவோமா?" என்று அவன் வாய் சொல்லிற்று. ஒளிந்துகொள்வதற்குச் சொன்னதுதான். அதுவே பிடித்துக் கொடுத்துவிடும் என்பது கார்க் திருகி பாதி இறங்கியபிறகுதான் உறைத்தது. இறங்கியதை நிறுத்த முடியாது. ஊற்றினான். அமலி மோந்த உடனே அவள் தலை தானாகப் பின்னுக்குப் போயிற்று. "இது வேற அண்ணே" என்றாள், சிரித்தேவிட்டாள், "இது உயிரோட இருக்கு." மதாம் புது கிளாஸை மோந்தார். பழையதை மோந்தார். மறுபடியும் புதியதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் மெதுவாக. "ராஜு" என்றார், "இந்த முதல் பாட்டில்லதானே நாவல்பழம்னு சொன்னே."

எத்தனையோ தடவை இந்த இடத்தை அவன் மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறான். அதிலெல்லாம் இடி மாதிரி ஏதோ ஒன்று விழும், மதாம் கத்துவார், அவன் காலில் விழுவான், அல்லது கம்பீரமாக ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிவிடுவான், பிலோமினாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று வாக்கியங்கள்கூடத் தயாராக இருந்தன. இங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விலாக்கறியின் கொழுப்பு தட்டில் உறைய ஆரம்பித்திருந்தது. தெருவில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு போனான். "எனக்கு வாசனை தெரியாது மதாம்" என்றான். "காய்ச்சலுக்கு அப்புறம் போயிருச்சு. எதுவுமே தெரியாது." குரல் தன்னுடையதாகத்தான் இருந்தது, கொஞ்சம் சலிப்பாகக்கூட இருந்தது, கடைக்காரன் சாமான் இல்லை என்று சொல்கிற மாதிரி. "எப்பலேர்ந்து?" "ஐப்பசியிலேர்ந்து." மதாம் எதையோ பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது, கிறிஸ்துமஸ் விருந்து, புது வருஷத்து ராத்திரி, தூதரகத்து ஆட்கள் வந்த அன்று, அந்த வெள்ளைக்காரக் கிழவர். ஒவ்வொன்றாக வந்து அவர் முகத்தில் நின்றுவிட்டுப் போயிற்று. "அப்ப இத்தனை நாளும் என்கிட்ட கதை சொல்லிட்டிருந்தே" என்றார். "ஆமாம் மதாம்." "நானும் வருது வருதுன்னு தலையாட்டிட்டிருந்தேன்." அமலி தட்டுகளை எடுக்கவா வேண்டாமா என்று நின்றாள். மதாமின் கை மேசைத் துணியை நீவிக்கொண்டே இருந்தது. "இனிமே பாட்டில் திறக்கறது உன் வேலை இல்லே" என்றார் கடைசியில், துணியைப் பார்த்துக்கொண்டே. "என் அக்கா பையன் லியோன்லேர்ந்து வர்றான், அவன் பாத்துக்குவான். நீ என்ன செய்யறதுங்கறதை நான் யோசிக்கணும். இப்பவே கேக்காதே." அவன் கேட்கவில்லை. இதுதானா, இவ்வளவுதானா என்று இருந்தது. மாதக்கணக்கில் கட்டிலுக்கடியில் படுத்திருந்த பயம் எழுந்து வெளியே வந்தபோது பூனையளவுகூட இல்லை. அதற்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை. "சாப்பாடு ஆறுது" என்றாள் அமலி.

யாரும் தட்டைத் தொடவில்லை. இருதயராஜ் தானாகவே ஒரு முள்கரண்டியை எடுத்தான். இனிமேல் மோந்துபார்க்க வேண்டியதில்லை என்ற நினைப்பு கையை லேசாக்கியிருந்தது. இறாலைத் தின்று ஒரு மிடறு குடித்தான். மிளகாயும் சாராயமும் சேர்ந்துகொண்டு வாயைக் கொளுத்தின, கடைசியில் நாக்கின் ஓரத்தில் இரும்புச் சாவியைச் சப்பின மாதிரி ஒரு கசப்பு. தள்ளி வைத்தான். விந்தாலி. காடியின் புளிப்பு வந்து ஒயினின் முதுகெலும்பை உருவிவிட்டது. அதுவரை நிமிர்ந்து நின்றது சொதசொதவென்று ஆயிற்று. விலாவைக் கடித்தான். கொழுப்பு உருகி நாக்கை மூடியது, உப்பு தெரிந்தது, அதன்மேல் ஒயின் வந்தபோது அந்த உலர்த்தல், அந்த இறுக்கம், கொழுப்பில் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அதைக் கழுவிக்கொண்டு போயிற்று. இரண்டு முரடர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு நடப்பதைப் போல இருந்தது. இன்னொரு கடி வேண்டும் போலிருந்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் வந்த ஆசை அது, அவன் அதை அவசரப்படுத்தாமல் கவனித்தான். "விந்தாலி வேணாம் மதாம்" என்றான், "ஒயின் செத்துரும். விலாதான் சரி." மதாம் சீறினார்: "மூக்கே இல்லேங்கறே, விந்தாலி வேணாம்னும் சொல்றியா?" "வாசனைக்கு எது நல்லாருக்கும்னு எனக்குத் தெரியாது. வாய்க்குத் தெரியுது." "என்ன தெரியுது?" "சூடு. உப்பு. கொழுப்பு. அப்புறம் நாக்கு காயறது, கொழுப்பு வந்து அதை நனைக்கறது." "அவ்வளவுதானா?" "அவ்வளவுதான்." மதாம் இடதுகையின் இரண்டு விரல்களால் தன் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். தலை நரைத்த, முத்துத்தோடு போட்ட அந்த அம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வலதுகையால் முதலில் விந்தாலியைத் தின்று குடித்தார், முகம் சுளித்தார், பிறகு விலாவிலிருந்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு மென்றார், ஒயினை ஒரு வாய் வைத்துக்கொண்டு மறுபடி மென்றார். அமலிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "விலாதான்" என்றார் மதாம். அடைத்த குரலில் அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. உடனே விரலை எடுக்கவில்லை. மென்றுகொண்டே இருந்தார், அந்த இருட்டுக்குள் இன்னும் என்ன இருக்கிறது என்று துழாவுவதைப் போல. பிறகு எடுத்தார். அவருடைய கண் அகலமானது, கன்னம் தளர்ந்தது, நெற்றியில் ஒரு கோடு மறைந்தது. வாசனை வந்து சேர்வதை இருதயராஜ் எதிரே உட்கார்ந்து அந்த முகத்தில் பார்த்தான், முழுவதையும் பார்த்தான். அவன் பார்ப்பது தெரிந்ததும் மதாம் தலையைக் குனிந்துகொண்டார். "என்ன வருது மதாம்?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவன் அவரை அப்படிக் கேட்டதில்லை. அவர் பதில் சொல்ல வாயைத் திறந்து, சொல் கிடைக்காமல் மூடி, கிளாஸை மறுபடி மூக்கருகே தூக்கினார். "இரு, சொல்றேன்" என்றார், "அவசரப்படுத்தாதே." அவன் காத்திருந்தான்.